ஒரு தண்டுத் துண்டிலிருந்து நீலப் பூக்கொத்து வரை: இலங்கை மலைநாட்டில் ஹைட்ரேஞ்சியா வளர்க்க முழுமையான வழிகாட்டி

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பிராவுக்குப் (அறைக்குப்) பக்கத்தில் ஒரு ஹைட்ரேஞ்சியாச் செடி நிற்கிறது. அம்மாயி நட்டது. சீமெந்துப் படியை ஒட்டிய பக்கத்தில் அதன் பூக்கள் ரோசா நிறம். தேயிலை மலையைப் பார்த்த பக்கத்தில் நல்ல நீலம். நடுக் கிளைகளில் இரண்டும் கலந்த கத்தரிப்பூ நிறம். இரண்டு செடிகளை நெருக்கி நட்டிருக்கிறார்கள் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஒருநாள் அடியில் கிடந்த சருகை ஒதுக்கிப் பார்த்தபோது ஒரே தூர்தான் இருந்தது. படியிலிருந்து கரைந்து இறங்கும் சுண்ணாம்பு ஒரு பக்கத்து வேரைத் தொடுகிறது. தேயிலையின் புளித்த மண் மறுபக்கத்து வேரைத் தொடுகிறது. இந்தச் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்தத் தூரிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி தேயிலையில் பழகிய கைகளுக்கு ஏற்கெனவே தெரியும். துண்டு வைத்து வேர்விடச் செய்வது, சரிவில் கான் வெட்டி நீரை வடிப்பது, அடிமண்ணை மூடிவைப்பது எல்லாம் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலைகள். ஒரே ஒரு வேலையை மட்டும் தேயிலையில் செய்வதுபோலச் செய்யக்கூடாது. அது கவ்வாத்து, அதாவது கிளை வெட்டுதல். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'செடி நன்றாக இருக்கிறது, பூதான் வரவில்லை' என்ற குறைக்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

எந்த ஊரில் பூக்கும்?

ஹைட்ரேஞ்சியாவின் தாயகம் ஜப்பான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவுக்குப் போன இச்செடி, நம் மலைகளில் துரைமார் பங்களாத் தோட்டங்களில் இடம்பிடித்து, பிறகு லயத்து வாசல்கள், கோவில் முற்றங்கள், பாடசாலை வேலிகள் என்று பரவிவிட்டது. பூ மொட்டு உருவாக இதற்குச் சில வாரங்களாவது குளிர் வேண்டும். இரவு வெப்பநிலை 18 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்க வேண்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சராசரியே ஏறத்தாழ 16 பாகைதான் என்பதால் அங்கே இது தன் சொந்த ஊரில் இருப்பதுபோல வளர்கிறது. நானுஓயா, கந்தப்பளை, இராகலை, தலவாக்கலை, ஹட்டன், வெலிமடை, பண்டாரவளை எங்கும் தயங்காமல் நடலாம். ஏறத்தாழ 500 மீற்றரில் இருக்கும் கண்டி நகரத்தில் செடி இலையும் தழையுமாகச் செழிக்கும், பூ குறைவாகவே வரும். அங்குள்ளவர்கள் காலை வெயில் மட்டும் படும் குளிர்ந்த மூலையில் தொட்டியில் வைத்துப் பார்க்கலாம்.

வீட்டில் இடம் தெரிவு செய்யும்போது இரண்டைக் கவனித்தால் போதும். காலையில் மூன்று நான்கு மணிநேரம் வெயில் விழ வேண்டும். நண்பகலுக்குப் பிறகு நிழல் இருக்க வேண்டும். கிரெவிலியா மரத்தின் சல்லடை நிழல் மிகவும் பொருத்தம், ஆனால் மரத்தின் தூருக்கு மிக அருகே வேண்டாம், அதன் வேர் நீரை முந்திக் குடித்துவிடும். அடுத்தது காற்று. இலை அகலமானது, பூ கனமானது. திறந்த மேட்டில் வைத்தால் ஆடி மாதக் காற்றில் கிளை முறிந்துவிடும். சுவரோ வேலியோ காற்றைத் தடுக்கட்டும். சீமெந்துச் சுவராக இருந்து, உங்களுக்கு நீலப் பூவே வேண்டுமென்றால், ஒரு மீற்றராவது தள்ளி நடுங்கள்.

துண்டு வைத்தல்

காசு கொடுத்துக் கன்று வாங்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் செடி இருந்தால் ஒரு கிளை கேட்டு வாங்கினால் போதும். எந்தக் கிளை என்பதுதான் முக்கியம். பூக்காத கிளையாக இருக்க வேண்டும். பச்சைத் தண்டு வளையும். பழுத்த தண்டு மரம்போல நிற்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட, வளைத்தால் இலேசாக எதிர்த்து நிற்கும் தண்டே நல்லது. மழை மாதத்தில், காலையில் வெட்டுங்கள்.

10 முதல் 15 சென்ரிமீற்றர் நீளத்தில், இரண்டு மூன்று கணுக்கள் இருக்கும்படி, கடைசிக் கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். நசுங்கிய வெட்டு அழுகும். கீழ்க்கணு இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, மேலே ஒரு சோடி இலையை மட்டும் விடுங்கள். அவற்றையும் குறுக்கே பாதியாக வெட்டிவிடுங்கள். வேரில்லாத தண்டு அகன்ற இலைக்கு நீர் கொடுக்க முடியாமல் வாடிப்போகும் என்பதால்தான் இப்படிச் செய்கிறோம்.

மண்கலவைக்கு ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு. பச்சை எரு கூடாது. தேயிலைக் கன்றுக்குப் பயன்படும் சிறிய பொலித்தீன் பைகளே போதும். அடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஈர்க்கால் முதலில் குழி போட்டு, ஒரு கணு மண்ணுக்குள் மறையும்படி துண்டை வைத்து, சுற்றிலும் விரலால் அழுத்துங்கள். நீர் தெளித்து, மேலே ஒரு பெரிய பொலித்தீன் பையைக் கூடாரமாகக் கவிழ்த்து, நேர் வெயில் படாத வராந்தாவில் வையுங்கள். தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்த எவருக்கும் இதில் புதிதாக ஒன்றுமில்லை. அங்கேயும் ஓர் இலையும் ஒரு துண்டுத் தண்டும்தான் செடியாகிறது.

மூன்று நான்கு வாரங்களில் வேர் வரும். பிடுங்கிப் பார்க்காதீர்கள். இலையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். மண் எதிர்த்துப் பிடித்தால் வேர் வந்துவிட்டது. அதன்பிறகு கூடாரத்தை முதலில் அரை மணிநேரம், பிறகு அரை நாள், பிறகு முழுநாள் என்று பழக்கி எடுங்கள். ஒரே நாளில் எடுத்தால் வாடும். பத்துத் துண்டு வைத்து ஏழு எட்டுப் பிழைத்தாலே நல்ல கை. எனவே எப்போதும் தேவைக்கு இருமடங்கு வையுங்கள், மிஞ்சினால் கொடுப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

நிலத்தில் நடுதல்

கன்று ஒரு முழம் வளர்ந்து, பையின் அடித்துளையில் வேர் தெரியத் தொடங்கியதும் நடலாம். எப்போது நடுவது என்பது நீங்கள் மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே மாத இறுதியிலிருந்து நடலாம். அடைமழை கொட்டும் வாரங்களை மட்டும் தவிருங்கள். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்தில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும், மண் பொடியாகிவிடும். அங்கே ஒக்டோபர், நவம்பர் மழைதான் நடுவதற்குரிய காலம்.

குழி 45 சென்ரிமீற்றர் நீளம், அகலம், ஆழம். செடிக்குச் செடி ஒன்றரை மீற்றர் இடைவெளி. சிறிய கன்றைப் பார்த்து நெருக்கி நட மனம் வரும். மூன்று ஆண்டில் அது ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு வந்துவிடும். குழியை வெட்டியவுடன் ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். சில மணிநேரத்தில் வடிந்தால் நல்லது. மறுநாளும் நீர் நின்றால் அந்த இடத்தில் வேர் அழுகும். வேறு இடம் பாருங்கள் அல்லது மேற்புறமாக ஒரு சிறு கான் வெட்டி நீரைத் திருப்பிவிடுங்கள்.

சரிவில் நடும்போது பள்ளப் பக்கத்தில் கற்களை அரைவட்டமாக அடுக்கி ஒரு சிறிய மேடை கட்டுங்கள். மழை எருவை அள்ளிக்கொண்டு போகாது. குழியில் மேல்மண்ணோடு ஐந்து கிலோ அளவுக்கு மக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ கலந்து நிரப்பி, பையில் இருந்த அதே ஆழத்துக்குக் கன்றை வையுங்கள். தண்டை ஆழப் புதைக்காதீர்கள்.

நட்டவுடன் மூடாக்குப் போட வேண்டும். மானாப்புல், கவ்வாத்து மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சிகள்), கிரெவிலியாச் சருகு எது கிடைத்தாலும் ஐந்து முதல் எட்டு சென்ரிமீற்றர் தடிப்புக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் நான்கு விரல் இடம் விடுங்கள். இதன் வேர் ஆழம் போவதில்லை, மேல்மண்ணிலேயே பாய் விரித்தாற்போலப் படரும். ஆகவே அடியில் மம்பட்டி போட்டுக் கொத்தக் கூடாது. களையைக் கையால் பிடுங்குங்கள்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

இந்தப் பூவை ஒருமுறை மிக அருகில் வைத்துப் பாருங்கள். பந்துபோலத் தெரிவது ஒரு பூவன்று, நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கொத்து. நாம் இதழ் என்று நினைக்கும் நான்கு தகடுகளும் உண்மையில் இதழ்கள் அல்ல, புல்லிகள், அதாவது பூவின் வெளித்தகடுகள். அவற்றின் நடுவே குண்டூசித் தலையளவு ஒரு மணி இருக்கிறதே, அதுதான் பூ. புல்லி என்பதால்தான் கொத்து வாரக்கணக்கில் உதிராமல் நிற்கிறது.

அந்தப் புல்லிகளில் டெல்பினிடின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. மண்ணிலிருந்து அலுமினியம் போய்ச் சேர்ந்தால் அது நீலமாகிறது. சேராவிட்டால் ரோசாவாகவே நிற்கிறது. அலுமினியம் எல்லா மண்ணிலும் உண்டு. ஆனால் மண் புளிப்பாக, அதாவது அமிலத்தன்மையோடு இருந்தால்தான் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். மண்ணின் புளிப்பைக் காட்டும் (குறையக் குறையப் புளிப்பு கூடும்) பி.எச். பெறுமானம் 5.5க்குக் கீழே இருந்தால் நீலம், 6.5ஐ நெருங்கினால் ரோசா, இடையில் கத்தரிப்பூ நிறம். தேயிலைக்கு உகந்தது 4.5 முதல் 5.5 வரை. அதனால்தான் தோட்டங்களில் கேட்காமலே நீலம் வருகிறது. வெளிநாடுகளில் மருந்து வாங்கிப் போட்டு வரவழைக்கும் நிறத்தை நம் மண் சும்மா கொடுக்கிறது. எனக்கு இதில் எப்போதும் ஒரு பெருமை உண்டு.

நீலமாக இருந்த செடி திடீரென்று ரோசாவுக்கு மாறினால் மூன்று இடங்களில் காரணத்தைத் தேடுங்கள். முதலாவது, அடுப்புச் சாம்பல். விறகடுப்பு எரியும் வீடுகளில் சாம்பலைச் செடியடியில் கொட்டும் பழக்கம் உண்டு; சாம்பல் காரமானது, மண்ணின் புளிப்பை முறிக்கும். இரண்டாவது, மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக் கல் தூளான டொலமைட். கவ்வாத்துக் காலத்தில் மலைக்குப் போடும் டொலமைட் மழையோடு இறங்கி வாசல் வரை வரலாம். மூன்றாவது, புதிய சீமெந்து வேலை.

நீலம் மீண்டும் வேண்டுமென்றால் அலுமினியம் சல்பேற்று ஒரு மேசைக்கரண்டியை நான்கு லீற்றர் நீரில் கரைத்து, மாதத்துக்கு ஒருமுறை அடிமண்ணில் ஊற்றுங்கள். அது கிடைக்காவிட்டால் கடையில் கிடைக்கும் படிகாரத்தைப் பொடித்துக் கரைக்கலாம், அதிலும் அலுமினியம்தான் இருக்கிறது. மண் ஈரமாக இருக்கும்போதுதான் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். இரண்டு வயது நிரம்பாத செடிக்கு இது வேண்டாம். பொசுபரசு மிகுந்த உரமும் எலும்புத்தூளும் அலுமினியத்தைக் கட்டிப்போட்டுவிடும் என்பதால் நீலம் விரும்புவோர் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ரோசா வேண்டுவோர் சதுர மீற்றருக்கு ஒரு கைப்பிடி டொலமைட்டைத் தூவி மண்ணோடு இலேசாகக் கலந்துவிட்டு, சில மாதங்கள் பொறுத்துப் பாருங்கள். ஆசைப்பட்டு அதிகம் போட்டால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச்சத்தை வேரால் எடுக்க முடியவில்லை என்பதன் அடையாளம் அது. எந்த நிறமானாலும் ஏற்கெனவே மலர்ந்த பூ மாறாது. அடுத்த பூக்கொத்தில்தான் பலன் தெரியும். வெள்ளைப் பூ இனம் எதற்கும் மாறாது.

துருப்பிடித்த ஆணியைப் புதைத்தால் நீலம் வரும் என்று பலர் சொல்வார்கள். ஆணியில் இருப்பது இரும்பு. நிறத்தை மாற்றுவது அலுமினியம். தேயிலைச் சக்கையும் நிறத்தை மாற்றாது. மக்கினால் மண்ணுக்கு நல்லது, அவ்வளவுதான்.

நீரும் உரமும்

வெயிலேறிய நண்பகலில் இலைகள் தொங்கிப்போவதைப் பார்த்தவுடன் நீரை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அகன்ற இலை, ஆழமில்லாத வேர். வேர் கொடுப்பதைவிட இலை வேகமாக நீரை இழக்கும் நேரம் அது. மூடாக்கை விலக்கி விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் மாலையில் இலை தானாக நிமிரும். விடிகாலையிலும் தொங்கிக் கிடந்தால்தான் உண்மையான தாகம். வறண்ட மாதங்களில் வாரத்துக்கு இரண்டு முறை, வளர்ந்த செடிக்கு ஒரு வாளி, அடியில் மட்டும். பீலியில் (குழாயில்) விழும் ஊற்றுத் தண்ணீர் போதும்.

ஆண்டுக்கு இருமுறை இரண்டு மூன்று கிலோ கூட்டெரு. தேயிலைக்குப் போடும் உரக் கலவை வீட்டில் மிஞ்சியிருந்தாலும் இதற்குக் கொட்டாதீர்கள். அதில் நைதரசன் மிகுதி; இலை பறிக்கும் பயிருக்காகச் செய்தது. பூவுக்காக வளர்க்கும் செடிக்கு அதைப் போட்டால் கரும்பச்சை இலைதான் மிஞ்சும்.

கவ்வாத்து

தேயிலையை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே மட்டத்துக்கு வெட்டி இறக்குகிறோம். வெட்டிய இடத்திலிருந்து கொழுந்து பொங்கி வருகிறது. நமக்கு வேண்டியதும் கொழுந்துதான். ஹைட்ரேஞ்சியாவில் வேண்டியது பூ, அந்தப் பூ பழைய கிளையின் நுனியில்தான் இருக்கிறது. இந்த ஆண்டு வளர்ந்த தண்டின் நுனி மொட்டுக்குள் அடுத்த பூ முன்கூட்டியே உருவாகிக் காத்திருக்கிறது. அதை வெட்டினால் பூவையே வெட்டுகிறோம்.

எங்கள் மாமா முப்பது ஆண்டு கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். ஒரு மார்கழியில், பொங்கலுக்கு வாசல் சுத்தமாக இருக்கட்டும் என்று அம்மாயியின் செடியை முழங்கால் உயரத்துக்கு அழகாக மட்டம் வெட்டினார். ஒவ்வொரு வெட்டும் தேயிலையில் வெட்டுவதுபோலச் சாய்வாக, சுத்தமாக இருந்தது. அந்த ஆண்டு முழுவதும் செடியில் இலைதான். அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. தினமும் காலையில் செடிக்கு முன்னால் வந்து நின்று, ஒவ்வொரு நுனியாகத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். மறுஆண்டு முதல் கொத்து வந்த அன்று மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

சரியான முறை இது. பூ வாடியதும், அடுத்த சில வாரங்களுக்குள், வாடிய கொத்துக்குக் கீழே முதலில் தென்படும் தடித்த சோடி மொட்டுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். இன்னும் பூக்காத கிளையைத் தொடவே வேண்டாம். செடிக்கு மூன்று வயதானபின், ஆண்டுக்கொருமுறை மிகப் பழைய, பட்டை உரியும் தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுங்கள். அதன் இடத்தில் தூரிலிருந்து புதுத் தண்டு எழும். ஈர்க்குப்போல மெலிந்த கிளைகளையும் எடுத்துவிடலாம். வெளிநாட்டு நூல்களில் மாதம் குறிப்பிட்டிருப்பார்கள், அது இலையுதிர்காலம் உள்ள நாடுகளுக்கு. இங்கே செடி முழுவதும் இலை உதிர்ப்பதில்லை. மாதத்தைப் பார்க்காமல் செடியைப் பார்த்து வெட்டுங்கள்.

பனியும் பூச்சியும்

நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் துகள் உறைபனி விழும். அது தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதுபோல ஹைட்ரேஞ்சியாவின் நுனி மொட்டையும் கருக்கும். வானம் மேகமில்லாமல், காற்று அடங்கிக் கிடக்கும் மாலையே எச்சரிக்கை. நான்கு குச்சி நட்டு, இலையில் படாதபடி சாக்கைப் போர்த்துங்கள். வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். இந்த இரண்டு மாதங்களில் வாடிய கொத்தைக் கிளையிலேயே விட்டுவைத்தால் கீழேயுள்ள மொட்டுக்கு அது குடையாகும். கருகிய நுனியை அவசரப்பட்டு வெட்டாமல் பனிக்காலம் முடியும்வரை பொறுங்கள்.

மழை மாதங்களில் நத்தைதான் பெரிய தொல்லை. இரவில் விளக்கெடுத்துப் போய்ப் பொறுக்குவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. இலையில் வெள்ளை மாவு படிந்தாலோ கருஞ்சிவப்புப் புள்ளி விழுந்தாலோ அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, நெருக்கமான கிளைகளை விலக்கிக் காற்றோட்டம் கொடுங்கள். செடியின் தலையில் நீர் ஊற்றும் பழக்கத்தை விட்டாலே பாதி நோய் குறையும். அசுவுணிக்குச் சவர்க்காரக் கரைசல் போதும்.

ஆடு, மாடு வளர்ப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹைட்ரேஞ்சியாவின் இலையிலும் மொட்டிலும் சயனைட்டை வெளிவிடும் நச்சுப்பொருள் இருக்கிறது. வெட்டிய கிளைகளைப் புல்லுக்கட்டோடு சேர்க்காதீர்கள், மாட்டுக் கொட்டில் ஓரத்தில் போடாதீர்கள். பூவை வாயில் வைக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். சிலருக்கு இலை பட்டால் தோல் அரிக்கும். வெட்டி முடித்ததும் கையைக் கழுவுங்கள்.

பூவை வெட்டும்போது

கொத்தில் எல்லாப் புல்லிகளும் விரிந்தபிறகு, காலையில், கையோடு நீர்வாளி கொண்டுபோய் வெட்டுங்கள். இளம் கொத்து அரை நாளில் துவண்டுவிடும். வெட்டிய காம்பின் நுனியை அரை நிமிடம் கொதிநீரில் பிடித்துவிட்டுக் குளிர்ந்த நீரில் வையுங்கள். காம்பு கக்கும் பிசுபிசுப்பான சாறு அடைத்துக்கொள்ளாது. துவண்ட கொத்தையும் வீசிவிடாதீர்கள். முழுக் கொத்தையும் ஒரு மணிநேரம் வாளி நீரில் அமிழ்த்துங்கள், புல்லிகள் நீரை உறிஞ்சி மீண்டும் விறைக்கும்.

உலர்த்தி வைக்க விரும்பினால் செடியிலேயே சில வாரங்கள் விடுங்கள். நீலம் மங்கிப் பச்சையும் சிவப்பும் ஏறி, தொட்டால் காகிதம்போலச் சரசரக்கத் தொடங்கும்போது வெட்டி, இலைகளை உருவி, கூரைக்கடியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். அடுப்புப் புகை படாத இடமாக இருக்கட்டும்.